கால் சிவந்து சுடுகிறதா? பேனையால் ஒரு கோடு போடுங்கள்: தோல் தொற்றுக்கு முழு வழிகாட்டி

அப்பாவின் வலது காலில் சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒரு அரிசி நீளம் வருமோ தெரியாது, அவ்வளவுதான். பெரும்போகம் தொடங்கி அவர் நாள் முழுக்கத் தண்ணிக்குள் நின்ற காலம் அது. ஒருநாள் பின்னேரம் வயல் வட்டையால் வந்தவர் கை கழுவவும் இல்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கினார். இரண்டு பனடோல் போட்டார், படுத்தார். "சேத்துப்புண்தான் மனே, நாளைக்கு ஆறிடும்" என்றார். மறுநாள் கணுக்கால் மினுங்கிக்கொண்டு வீங்கியிருந்தது, அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டா. மூன்றாம் நாள் நான் ஒரு பாமசிக்குப் போய், டொக்டர் எழுதின துண்டு எதுவும் இல்லாமல், "கால் வீக்கத்துக்கு" என்று சொல்லி நாலு கப்சூல் வாங்கி வந்தேன். நாலாம் நாள் அவரால் கால் ஊன்ற முடியவில்லை. மண்டூர்த் துறையில், வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நின்றபோது அவர் என் தோளில் சாய்ந்திருந்தார், சேட்டுக்கு மேலாலேயே அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

வாட்டில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று இந்தச் சிவப்பு எதுவரைக்கும் இருந்தது?" எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, முழங்காலுக்குக் கீழே சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். 9 நாள் வாட்டில் இருந்தோம். அந்தக் கோட்டை நாங்கள் முதல் நாளே வீட்டில் போட்டிருந்தால், இரண்டாம் நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்போம். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது என்ன வருத்தம்

டொக்டர்மார் இதைச் செலுலைட்டிஸ் என்பார்கள். தோலுக்கு மேலே தெரிகிற புண் இல்லை இது, தோலுக்குக் கீழே இருக்கிற ஆழமான படையிலும் கொழுப்பிலும் பக்டீரியா பரவுவது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஸ்டெபிலோகொக்கஸ் என்ற இரண்டு வகைக் கிருமிகள். இவை நம் தோலின் மேலேயும் மூக்கிலும் சாதாரணமாகவே இருக்கக்கூடியவை, உள்ளே போக ஒரு வாசல் கிடைத்தால் போதும். விரலிடுக்குச் சேற்றுப்புண், குதிக்கால் வெடிப்பு, நுளம்புக்கடியைச் சொறிந்த இடம், மீன் முள் குத்தின இடம், மண்வெட்டி பட்ட கீறல், எல்லாமே வாசல்தான். பலருக்கு வாசல் எதுவென்றே தெரியாது, காலைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அநேகமாக ஒரு காலில்தான் வரும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் அது இதயம், சிறுநீரகம், நாளம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதையும் காட்டத்தான் வேண்டும், ஆனால் கதை வேறு.

இன்னொன்று. படங்களில் காட்டுவது போலப் பளிச்சென்ற சிவப்பை நம் தோலில் தேடாதீர்கள். அப்பா நல்ல கறுப்பு. அவருடைய காலில் தெரிந்தது சிவப்பே இல்லை, ஒரு கருமை கலந்த ஊதா, அதற்கு மேல் எண்ணெய் பூசின மாதிரி மினுக்கம். அதனால்தான் நாங்கள் இரண்டு நாள் ஏமாந்தோம். நிறத்தைவிடக் கையை நம்புங்கள். புறங்கையை நல்ல காலில் வையுங்கள், பிறகு அதே இடத்தில் மற்றக் காலில் வையுங்கள். சூடு வித்தியாசம் உடனே தெரியும். மெதுவாக அமத்தினால் நோகும், தோல் இறுகி இருக்கும், சிலருக்குக் கவட்டுக்குள் நெறி கட்டியிருக்கும். காய்ச்சலும் நடுக்கமும் சிலருக்கு வீக்கம் தெரிவதற்கு முந்தியே வந்துவிடும், அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது

முதலில் கழுவுங்கள். ஓடுகிற சுத்தமான தண்ணியும் சவர்க்காரமும் போதும். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். திறந்த புண் இருந்தால் சுத்தமான துணியாலோ கோஸாலோ லேசாக மூடுங்கள்.

அடுத்தது கோடு. சாதாரணப் போல்பொயின்ட் பேனை போதும். சூடும் நிற மாற்றமும் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றி வரைந்து, பக்கத்தில் திகதியும் நேரமும் எழுதுங்கள், தோலிலேயே. போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், முடிந்தால் பகல் வெளிச்சத்தில். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் வருத்தம் பரவுகிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. கோடு அழிந்துபோனால் புது இடத்தில் போடாதீர்கள், படத்தைப் பார்த்து அதே இடத்திலேயே போடுங்கள்.

பிறகு காலை உயர்த்தி வைக்க வேண்டும். இதைச் சொன்னால் சனம் கதிரையில் இருந்துகொண்டு முன்னால் ஒரு ஸ்டூலில் காலை நீட்டுகிறார்கள். அது போதாது. பாயிலோ கட்டிலிலோ படுத்து, இரண்டு தலையணையோ மடித்த சாக்கோ வைத்து, குதிக்கால் நெஞ்சுக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். வீக்கம் குறைய, நோவு குறைய, இதைப்போல உதவுகிற வேறு ஒன்று வீட்டில் இல்லை.

நோவுக்கும் காய்ச்சலுக்கும் பனடோல் மட்டும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு மொத்தம் 8 குளிசைக்கு மேல் போகக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், மெலிந்து எடை குறைந்தவர்கள் அதிலும் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், டொக்டரைக் கேளுங்கள். இபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் எதையும் நோவுக்கென்று நீங்களாக எடுக்க வேண்டாம். மாரியில் நம் பக்கம் வருகிற காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், இந்த மருந்துகள் ஒன்றில் இரத்தக்கசிவைக் கூட்டும், மற்றதில் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இதயத்துக்கென்று டொக்டர் ஏற்கெனவே தந்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

இவ்வளவையும் செய்வது ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைக்கும்தான். செலுலைட்டிஸ் என்று சந்தேகம் வந்தால் அன்டிபயோட்டிக் தேவை, அரைத்துப் போடுகிற பத்தால் அது மாறாது. காய்ச்சல் இல்லை, சின்ன இடம், வேறு வருத்தம் ஒன்றுமில்லை என்றாலும் அன்றைக்கு அல்லது மறுநாள் காலை ஓபிடிக்குப் போங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நோவு தாங்க முடியவில்லை, தொட்டாலே கத்துகிறார் என்றால், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது. தசையை மூடியிருக்கிற சவ்வோடு வேகமாக ஓடி, அந்தப் பகுதியையே அழுகவைக்கும் ஒரு தொற்று இருக்கிறது, நெக்ரோடைசிங் ஃபஸைட்டிஸ் என்று பெயர். தொடக்கத்தில் வெளியே அதிகம் தெரியாது, நோவு மட்டும் அளவுக்கு மீறி இருக்கும். பிறகு தோல் சாம்பல் அல்லது கறுப்பு ஊதாவாகும், நீர்க் கொப்புளம் வரும், கடைசியில் அந்த இடம் மரத்துப்போய் நோவே இல்லாமல் போகும். நோவு நின்றுவிட்டது என்று அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இதற்கு ஒப்பரேஷன்தான் வழி, ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு.

கோடு போட்டு சில மணித்தியாலத்துக்குள்ளேயே சிவப்பு வேகமாக ஏறுவது, தடுமாறிக் கதைப்பது, மூச்சு வாங்குவது, கை கால் குளிர்ந்து வியர்ப்பது, மூத்திரம் மிகக் குறைவது, எழும்பி நிற்க முடியாத மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

கண்ணைச் சுற்றிய வீக்கமும் அப்படித்தான், அதிலும் பார்வை மங்கினால், கண்ணை அசைக்க நொந்தால், உடனே போங்கள். மூட்டுக்கு மேலே வந்து மூட்டை மடக்கவே முடியாவிட்டாலும் அதே.

சீனி வருத்தம் உள்ளவர்கள், புற்றுநோய்க்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், இவர்களுக்கு "பொறுத்துப் பார்ப்பது" என்ற கட்டமே கிடையாது. தெரிந்த உடனே காட்டுங்கள். சீனி உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், உள்ளே சீழ் பிடித்தாலும் நோகாமல் இருக்கலாம். நோகவில்லை என்பது அவர்களுக்கு ஆறுதல் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். வெல்லாவெளிப் பக்கம் பொழுதுபட்டால் யானைப் பயம், வண்டி எடுக்க ஆள் யோசிக்கும். அதனாலேயே "விடியட்டும்" என்று எத்தனையோ வருத்தக்காரரை வைத்திருக்கிறோம். ஆகவே பின்னேரம் நாலு மணிக்குக் கோட்டை ஒருமுறை பாருங்கள், சந்தேகம் என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, அம்பாறைப் பக்கம் என்றால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, எது கிட்டவோ அங்கே போங்கள். அங்கே முடியாவிட்டால் அவர்களே மாற்றி அனுப்புவார்கள்.

வயலில் இருந்து வந்தவுடன் கால் திடீரென்று வீங்கி ஏறினால், கடி தெரியாவிட்டாலும் பாம்பு என்ற எண்ணமும் இருக்கட்டும், அதற்கும் நேரே ஆஸ்பத்திரிதான்.

சீழ்க்கட்டு என்றால்

கட்டு வேறு மாதிரி. ஒரு இடத்தில் உருண்டு, நடுவில் மெதுமெதுவென்று, முனையில் மஞ்சள் தெரியும். சின்னதாக இருந்தால் சுத்தமான துணியை இளஞ்சூட்டுத் தண்ணியில் நனைத்து 10 முதல் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை ஒத்தடம் கொடுங்கள், தானாக உடையலாம். சீனி உள்ளவர்களுக்கு அந்தச் சூட்டை வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், தங்கள் பாதம் வேகுவதே தெரியாமல் கொப்புளித்தவர்கள் இருக்கிறார்கள்.

நெருக்கிப் பிதுக்குவதும் எலுமிச்சை முள்ளால் குத்துவதும் வேண்டாம். சீழ் வெளியே வருவதோடு உள்ளேயும் தள்ளப்படும். மூக்கு, மேல் உதடு பகுதியில் உள்ளதை ஒருபோதும் தொடாதீர்கள், அங்கிருந்து இரத்த நாளங்கள் உள்ளே மூளைப் பக்கம் போகின்றன. கட்டு பெரிதானால், காய்ச்சல் வந்தால், சுற்றிச் சூடு பரவினால், ஆசனவாய்ப் பக்கமோ மார்பகத்திலோ வந்தால், டொக்டர்தான் மரக்கப்பண்ணிக் கீறி எடுக்க வேண்டும். சீழை வெளியே எடுக்காமல் குளிசை மட்டும் போட்டால் பெரிய கட்டு வத்தாது. திரும்பத் திரும்பக் கட்டு வருகிறவர்கள் ஒருமுறை சீனியைச் சோதித்துப் பாருங்கள், பலருக்குச் சீனி இருப்பதே அப்படித்தான் தெரிய வருகிறது. அவர்களுடைய துவாயை வேறு ஆள் பாவிக்க வேண்டாம்.

உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டிபோல எரிச்சலோடு சின்னக் கொப்புளங்கள் வந்தால் அது அக்கி, வைரஸ். அதற்கான மருந்து முதல் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

பூசக்கூடாதவை

கோப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல். வெட்டுக்காயத்தில் கோப்பித்தூளை அப்பினால் இரத்தம் நிற்கிற மாதிரித் தெரியும், ஆனால் அதைக் கழுவி எடுப்பதற்குள் வாட்டில் படுகிற பாட்டை நான் பக்கத்துக் கட்டிலில் பார்த்தேன். டெட்டோலைத் தண்ணி கலக்காமல் ஊற்றினால் கிருமியோடு சேர்த்து நல்ல தசையும் எரியும். கடியையும் சொறியையும் குறைக்கிற ஸ்டீரொயிட் கிறீமைத் தொற்றுள்ள இடத்தில் பூசினால், மேலே அடங்கின மாதிரி இருந்து உள்ளே பரவும்.

மஞ்சள், வேப்பிலைப் பத்தைப் பற்றி அம்மாவோடு நான் இன்னும் வாதாடுவதில்லை. அந்தப் பத்து நிறத்தை மூடியது, கோடு போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது, அது ஒன்றே போதும் அதை வேண்டாமென்று சொல்ல. மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர்கள் பாருங்கள், அது உங்கள் நம்பிக்கை, ஆனால் முதல் பயணம் ஆஸ்பத்திரிக்கு இருக்கட்டும்.

துண்டில்லாத கப்சூல் என்னுடைய பிழை. நான் வாங்கினது அமொக்ஸிசிலின். ஸ்டெபிலோகொக்கஸில் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்காது, அதுவும் நாலே நாலு கப்சூல். ஒரு நாள் வீணானதோடு, டொக்டருக்கும் குழப்பம்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

கிளினிக் கொப்பியையும் பாவிக்கிற குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, கோட்டின் நேரம், படம், ஏற்கெனவே விழுங்கின மருந்து, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பென்சிலின் ஊசியோ குளிசையோ எடுத்து உடம்பில் தடித்தது, முகம் வீங்கியது என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். சீனி சோதித்துக் கனகாலம் என்றால் கேட்டுச் சோதியுங்கள். காயம் இருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் கேட்பார்கள்.

இதோடு இன்னொன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: என்ன தண்ணியில் நின்றீர்கள். குளித்து, வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து அவர் வயலுக்குள் நின்றவர் என்று டொக்டருக்கு எப்படித் தெரியும்? வாவியிலோ கடலிலோ மீன் முள், இறால் முள் குத்தி, சில மணித்தியாலத்துக்குள் வீங்கிக் கொப்புளித்தால் அது விப்ரியோ என்ற உப்புத்தண்ணிக் கிருமியாக இருக்கலாம், ஈரல் பழுதானவர்களுக்கு அது உயிரையே எடுக்கும், அதற்கு மருந்தும் வேறு.

வயல் மண்ணிலும் தண்ணியிலும் இருக்கிற இன்னொன்று மெலியோய்டோசிஸ். 1927இலேயே இலங்கையில் பதிவான வருத்தம் இது, சீனி உள்ள விவசாயிகளை அதிகம் பிடிக்கும். ஆறாத புண், திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டு, விடாத காய்ச்சல், சிலருக்குச் சளிச்சுரம் (நியுமோனியா) என்று வெவ்வேறு முகத்தோடு வரும், வழமையான அன்டிபயோட்டிக் பலவற்றுக்கு மசியாது. இரத்தத்தையோ சீழையோ வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள், பல கிழமை ஊசியும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் குளிசையும் தேவை. "ஐயா, எனக்குச் சீனி இருக்கு, வயலுக்குள்ள வேலை, மருந்து எடுத்தும் மாறல்ல" என்ற ஒரு வசனம் டொக்டரை அந்தப் பக்கம் யோசிக்க வைக்கும்.

மருந்து தொடங்கிய பிறகு

லேசானது என்றால் குளிசை தந்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அநேகமாக 5 முதல் 7 நாள். கடுமை என்றால் வாட்டில் மறித்து நாளத்தால் ஊசி. கடதாசி உறையில் எழுதியிருப்பதை அங்கேயே வாசித்து, விளங்காவிட்டால் கேளுங்கள். குளொக்ஸாசிலின் தந்தால் நாளைக்கு நாலு தடவை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. காலை 6, பகல் 12, பின்னேரம் 6, இரவு 12 என்று போனில் அலாரம் வையுங்கள். சோற்றோடு சேர்த்து மூன்று நேரம் விழுங்கினால் மருந்து குறைவாகத்தான் உடம்பில் சேரும்.

முதல் நாளில் சிவப்பு கோட்டை லேசாகத் தாண்டலாம், உடனே மருந்து பிழை என்று நினைக்காதீர்கள். காய்ச்சலும் நோவும் குறைகிறதா என்று பாருங்கள். 48 மணித்தியாலம் கழிந்தும் குறையவில்லை என்றால், அல்லது அதற்கு முந்தியே ஆள் சோர்ந்து போனால், திரும்பிப் போங்கள், கிளினிக் திகதி வரும்வரை இருக்க வேண்டாம். நோவு போய்விட்டது என்று மூன்றாம் நாள் குளிசையை நிறுத்தி மிச்சத்தை அலுமாரியில் வைக்கிற பழக்கம் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தந்ததை முடியுங்கள். வீக்கம் முற்றாக வத்த சில கிழமை செல்லும், தோல் உரியும், சொறியும், கருமை நிற்கும். அது குணமாகிற விதம்தான்.

திரும்ப வராமல்

ஒருமுறை வந்த காலுக்கு மறுபடி வருவது சாதாரணம், ஏனென்றால் வாசல் இன்னும் திறந்தே இருக்கும். விரலிடுக்குச் சேற்றுப்புண் பூஞ்சணம். குளோட்ரிமசோல் போன்ற கிறீமை டொக்டர் சொன்னபடி பூசுங்கள், வெடிப்பு மறைந்த பிறகும் இரண்டு கிழமை பூச வேண்டும், அப்பா முதல் தடவை மறைந்த அன்றைக்கே விட்டுவிட்டார், அடுத்த மாதம் வெடிப்பு திரும்பி வந்தது. சேற்றுக்குள் பூட்ஸ் போடுங்கள் என்று சொல்வது எளிது, ஆழச் சேற்றில் பூட்ஸ் இழுபட்டு நடக்கவே விடாது, அது எனக்கும் தெரியும். போட முடிந்த இடத்தில், வரம்பிலும் களத்திலும் போடுங்கள். முடியாத இடத்தில், கரை ஏறியதும் நல்ல தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித் துணியால் துடைத்து உலர விடுங்கள். குதிக்கால் வெடிப்புக்கு வஸ்லின் பூசலாம், விரலிடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கும். காயம் இருக்கிற நாளில் முடிந்தால் தண்ணிக்குள் இறங்காதீர்கள். வருஷத்தில் இரண்டு மூன்று தரம் வருகிறவர்களுக்கு நீண்ட காலம் எடுக்கிற தடுப்பு மருந்து உண்டு, டொக்டரிடம் கேளுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முந்தி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பீ.எச்.ஐ.) எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசையையும் கேட்டு எடுங்கள். டொக்ஸிசைக்கிளின், வயலில் இறங்குகிற காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணியோடு, விழுங்கினவுடன் படுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தருவதில்லை. குளிசை எடுத்தவர்களுக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, மூத்திரக் குறைவு வந்தால் எலிக்காய்ச்சலுக்குச் சோதிக்க வேண்டும், காலில் கோடு போட ஒரு வீக்கமும் இல்லாவிட்டாலும்.